விளிம்பு மடிக்காத துணி

லாண்டரியை விட்டு வெளியே வந்து லெவண்டர் ஸ்திரீட்டில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. பையில் துண்டு, பல்துலக்கி, மாற்று உடுப்பு. காலாங் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்க்கிற இடம் அது. ஆவியும் மருந்துத் தண்ணீரும் சேர்ந்து என் விரலிடுக்குகளில் தோல் வெடித்திருந்தது. கையுறை போடு என்றார் மேற்பார்வையாளர். கையுறைக்குள் வேர்த்து இன்னும் வெடித்தது. மதியச் சாப்பாட்டுக்குப் போய் வருகிறேன் என்றேன். வரமாட்டேன் என்று அவருக்கும் தெரியும். "பைய எடுத்துக்கிட்டு சாப்பிடப் போறியா?" என்று மட்டும் கேட்டார்.

வழியில் சீனர்களின் சாவுச் சாமான் கடை ஒன்று. கடை வாசல் நடைபாதையான அஞ்சடிப் பாதையில், இறந்தவர்களுக்கென்று எரிக்கிற காகித வீடும் காகிதக் காரும் நின்றன. மூங்கில் கம்பிலிருந்து வைக்கோல் நிறத்தில் ஏதோ துணி தொங்கி முகத்தில் உரசியது. சாக்கைவிட மெல்லிசு, சட்டையைவிட முரடு. ஒதுக்கிவிட்டு நடந்தேன்.

கொரோனாவுக்கு முந்தின வருஷம் அது. நான் உயர்நிலை இரண்டோடு படிப்பை நிறுத்தியவன். காவல் வேலை, லாரி உதவியாள், மீன் சந்தை, பாத்திரம் கழுவுதல் என்று எதிலும் ஒரு வருஷம் தங்கியதில்லை. அப்போது படுக்க இடமும் இல்லை. ஒரு நண்பனின் அறை வாரத்தில் பாதி நாள் கிடைக்கும். மீதி நாள் காலாங் ஆற்றோரம். மழை பெய்தால் அடுக்குமாடி புளோக் படிக்கட்டு.

அன்று தேக்கா மார்க்கெட்டில் மேல்மாடிக்குப் போகும் படிக்கட்டில் கால் வைத்தபோது பின்னாலிருந்து யாரோ என் சட்டையின் கீழ்நுனியைப் பிடித்து இழுத்தார்கள்.

"தம்பி, நில்லு. இந்தச் சட்டைக்கு எந்த ஊரு?"

திரும்பினேன். அறுபது வயதைத் தொட்ட ஒரு சீன அம்மாள். நெற்றியில் குங்குமம், கொண்டையில் மல்லிகை, பருத்திப் புடவை, கழுத்தில் தொங்கும் அளவு நாடா. நான் அவர் முகத்துக்குப் பின்னால் வேறு யாராவது பேசினார்களா என்று பார்த்தேன்.

"மொதல்ல மூஞ்சியப் பாத்து முடிச்சுக்க. எல்லாருக்கும் அரை நிமிஷம் ஆகும். பொறவு சட்டையப் பேசுவோம்," என்றார்.

சட்டை என்னுடையது அல்ல. எந்த விருந்தாளியோ ஓட்டலில் விட்டுப்போய், யாரும் கேட்டு வராமல் லாண்டரியில் கிடந்தது. அதைச் சொன்னேன். அவருக்கு அந்தக் கதையில் அக்கறை இல்லை. சட்டையின் உள்மடிப்பிலிருந்து நகத்தால் ஒரு நூலை உருவி, இடுப்பிலிருந்து லைட்டர் எடுத்து அங்கேயே கொளுத்தினார். மஞ்சள் சுடர். தாள் எரிகிற வாசம். ஊதினால் பறக்கும் சாம்பல்.

"செடி," என்றார். விரலை நாக்கில் தொட்டு என் தோளில் வைத்தார். ஈரம் அந்தப் பக்கம் உடனே இறங்கியது. "பஞ்சு இவ்வளவு சீக்கிரம் குடிக்காது. லினன். நம்ம மளிகைக் கடையில கொலஸ்ட்ராலுக்கு ஆளிவிதை விக்கிறாங்கல்ல, அந்தச் செடியோட தண்டு. நம்ம பக்கத்து ஆளுங்க விதைய ஆட்டி எண்ணெய் எடுத்துக்கிட்டு தண்டத் தூக்கிப் போட்டுட்டாங்க. குளிர் நாட்டுக்காரன் தண்ட ஊறப்போட்டு, அழுக வச்சு, நார் எடுத்து நெஞ்சான். நீ அழுகின தண்டத் தான் போட்டிருக்க."

"லாண்டரியில எல்லா விரிப்பையும் லினன்னுதான் சொல்வாங்க, ஆண்ட்டி."

"அதுல நூலுக்குப் பாதி பிளாஸ்டிக். பேரு மட்டும் மிச்சம். ஆண்ட்டின்னு சொன்னா ஊசி குத்திடும், அக்கான்னு சொல்லு."

அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது. மேல்மாடியில் அவருக்கு ஒரு சின்னத் தையல் கடை இருந்தது. ரவிக்கை தைப்பது, புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பது, பழையதைப் பிரித்துத் திருத்துவது. பிரிக்கிற வேலை எனக்கு. வெடித்த விரல்களால் தையலைப் பிரித்துக்கொண்டே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் அவரைச் சிலர் அக்கா என்றார்கள். கொஞ்சம் பேர் சீனத்தி என்றார்கள். இரண்டுக்கும் ஒரே குரலில் "வாங்க" சொல்வார்.

அந்தக் காலத்தில் வளர்க்க முடியாத சீனக் குடும்பங்கள் பெண் குழந்தையைத் தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுப்பது இங்கே சகஜம். நம் ஆட்கள் பெண்ணை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள் என்ற பேச்சு இருந்ததாம். அவரும் அப்படி வந்தவர். வளர்த்த அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். சீனத்தில் அக்காவுக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. தமிழும் சந்தை மலாயும்தான்.

ஆளைப் பார்த்து எந்த ஊர் என்று நாம் எல்லாரும் கேட்போம். அவர் ஆளைக் கேட்டு நான் பார்த்ததில்லை. துணியைத்தான் கேட்பார். எம்ஆர்டி ரயிலில் பக்கத்தில் நிற்கிறவரின் துப்பட்டா நுனி இவர் விரலுக்குள் இருக்கும். பின்னால் நிற்கும் நான் வேறு யாரோ போல ஜன்னலைப் பார்ப்பேன்.

கேலாங் பக்கம் ஒரு தடவை பொத்தான் வாங்கப் போனோம். சாப்பாட்டுக் கடை வாசலில் கட்டம் போட்ட கைலி, அதாவது சரோங்கோடு ஒரு மலாய்க்காரர் உட்கார்ந்திருந்தார். அக்கா குனிந்து சரோங்கின் ஓரத்தைப் பிடித்துவிட்டார். மலாய்க்காரர் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மலாயில் நடந்த பேச்சின் சாரம் இது:

"இதுக்கு என்ன பேரு, அண்ணே?"

"காயின் பெலிக்காட். அத விடு, விழுந்துடும்."

"பெலிக்காட்டுன்னா எங்க இருக்கு தெரியுமா? மெட்ராஸ் பக்கத்துப் பழவேற்காடு. கப்பல் அங்கேருந்துதான் இந்தக் கட்டத்தக் கொண்டாந்தது. உங்க தாத்தாவுக்குத் தாத்தா எங்க ஊருத் துணியத்தான் கட்டினாரு."

அவர் அக்காவின் முகத்தை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க ஊருன்னா? உன் ஊரா?"

"துணியோட ஊரு."

"இத நான் பாத்தாம் தீவுல வாங்கினேன்," என்று சொல்லி அவர் சரோங்கை உள்ளே இழுத்துச் செருகினார். ஆனால் நாங்கள் குடித்த தேநீருக்குக் காசு கொடுக்க விடவில்லை.

எல்லாம் தெரிந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். நிறையத் தப்பும் சொல்வார். கோயில் வேலை பார்க்கும் ஒருவர் தன் வேட்டியின் கரையைத் திருத்தக் கொண்டுவந்தார். "நைலக்ஸ்" என்று இவர் அடித்துச் சொன்னார். பட்டு என்றார் அவர். உடனே ஒரு நூல், லைட்டர். முடி பொசுங்குகிற நாற்றம் கடையெங்கும் பரவியது. பட்டேதான். அக்கா தலையில் தட்டிக்கொண்டு கண்ணில் நீர் வர சிரித்தார். "தப்பாப் போச்சு லா. உக்காருங்க, தே தாரிக் வாங்கியாறேன்." அவர் தோற்றால் இருக்கிறவர்களுக்கெல்லாம் நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீ. நான் அங்கே இருந்த காலத்தில் நிறையத் தே தாரிக் குடித்தேன். சரியாகச் சொன்ன நாளைவிடத் தப்பாகப் போன நாளில்தான் அவர் முகம் பளிச்சென்று இருக்கும். தெரியாத ஒன்று கைக்கு வந்துவிட்டது என்ற சந்தோஷம் போல.

அருங்காட்சியகத்தில் எகிப்துச் சாமான்களைக் காட்சிக்கு வைத்திருந்தபோது பார்க்கப் போய், கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றதால் காவலாளி வந்து தள்ளி நிற்கச் சொன்ன கதையையும் அவரே சொல்லிச் சிரிப்பார். "பொணம் கருவாடாக் கெடக்கு. சுத்தின லினன் துணி இழை இழையா இருக்கு. நெஞ்சவன் யாரு, எந்த ஊருன்னு அதுல எழுதல. ராசா பேரு மட்டும் எழுதியிருக்கான்."

இப்படி எல்லாத் துணிக்கும் ஊர் கேட்டவர், ஒன்றை மட்டும் கேட்டதில்லை. தேய்க்கிற மேசைக்குப் பின்னால் இரும்பு அலமாரியில், பிளாஸ்டிக் பைக்குள், மடித்து வைத்த துணி ஒன்று இருந்தது. குழந்தையாக அவரைச் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்த துணி. அதை வெளியே எடுக்கும்போது மட்டும் லைட்டர் இடுப்பிலேயே இருக்கும்.

அது என்னவென்று அவருக்கு ஒரு முடிவு இருந்தது. இளவயதில் அவர் வேலை கற்ற தையல் கடைக்கு வந்த வெள்ளைக்காரம்மா ஒருவர் அதைப் பார்த்து, வெளுக்காத லினன், ஐரிஷ் சரக்கு மாதிரி இருக்கிறது என்று சொன்னாராம். அதிலிருந்து ஒரு கதை வளர்ந்திருந்தது. பெற்றவள் ஏதோ துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவள். மேசை விரிப்போ திரைச்சீலையோ கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். எனவே தான் பட்டினியால் கைவிடப்பட்ட பிள்ளை இல்லை, ஏதோ காரணம் இருந்திருக்கிறது. இதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

வளர்த்த அம்மா வைத்த பெயர் ராசித் துணி. பிள்ளை வந்த கையோடு வீட்டில் நல்லது நடந்ததாம். அக்கம்பக்கத்தில் கேட்க ஆரம்பித்தார்கள். துறைமுகக் குடியிருப்பில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் முப்பத்தோராம் நாள் தொட்டிலில் முதலில் விரிப்பது இந்தத் துணியைத்தான். பிறகு துவைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள். எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் அதன்மேல் படுத்து எழுந்திருக்கின்றன. அக்காவின் மகளும்.

அந்த மகள் செங்காங்கில் இருந்தாள். அவளுக்குப் பிள்ளை பிறந்தது. முப்பத்தோராம் நாள் தொட்டில். "அம்மா, மறக்காம ராசித் துணிய எடுத்துட்டு வாங்க. நான் சொல்லிட்டேன் எல்லார்ட்டயும்," என்று போனில் சொன்னாள்.

தேய்ப்பதற்காக அக்கா துணியை விரித்தார். அப்போதுதான் அதை நான் முழுதாகப் பார்த்தேன். ஒரு கை நீளம் போல, அகலம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. வைக்கோல் நிறம். ஓரத்தில் எங்கும் தையல் இல்லை.

"இத ஏங்க்கா யாரும் மடிச்சு அடிக்கல? பிரியுதே."

"எங்கம்மா அடிக்கணும் அடிக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. வந்தது வந்தபடி இருக்கட்டும்னு விட்டுட்டாங்க. நானும் கேட்டுக்கிட்டதுண்டு. மூணு பக்கம் கத்தரியால வெட்டினது. இந்தப் பக்கம் பாரு, கிழிச்சது. துரை வீட்டு விரிப்பு இப்படியா இருக்கும்?"

நான் ஓரத்தைத் தொட்டேன். சாக்கைவிட மெல்லிசு, சட்டையைவிட முரடு. லெவண்டர் ஸ்திரீட்டில் முகத்தில் உரசியது ஞாபகம் வந்தது. சொல்வதா வேண்டாமா என்று யோசிக்கவில்லை. அவரிடம் துணியைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதுதான் விசித்திரமாக இருந்திருக்கும்.

"இதே மாதிரி ஒண்ணு நான் பாத்திருக்கேன். சீனக் கடையில."

"என்ன கடை?"

சொன்னேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். பிளக்கைப் பிடுங்கினார். "வா," என்றார்.

கடைக்காரர் எண்பதைத் தாண்டிய கிழவர். மலாய் பேசினார். அக்கா பையிலிருந்து துணியை எடுத்து மேசைமேல் வைத்ததும் அவர் கையை இழுத்துக்கொண்டார். தொடாமல் குனிந்து பார்த்தார். பிறகு ஒரு மூங்கில் குச்சியால் ஓரத்தை நிமிர்த்தினார்.

"யார் இறந்தது?" என்று கேட்டார்.

"யாரும் இல்லை. பழைய துணி. என்னவென்று தெரிய வேண்டும்."

அவர் சொன்னார். சீனாவில் ஒரு செடி. தண்டை உரித்து, நாரை நகத்தால் கிழித்து, நுனியோடு நுனி கையால் முறுக்கி நெய்வார்கள். மெல்லிசாக நெய்தால் பணக்காரர் வெயில் காலத்தில் போடுவார்கள். முரடாக நெய்தால் சாவுக்கு. இறந்தவருக்கு நெருக்கமானவர்கள், மனைவி, பிள்ளை, மருமகள், உடுப்பின் மேலே போட்டுக்கொள்வது. துக்கத்துக்குத் தைக்கிற துணியில் விளிம்பை மடிக்கக் கூடாது. வெட்டியது வெட்டியபடி இருக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் எரித்துவிட வேண்டும். வீட்டில் வைக்கிற சாமான் இல்லை இது. இப்போது தான் விற்பது மெஷின் துணி. இது பழைய கைநெசவு. "ஏழைகள் கையில் கிடைத்ததை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினார்கள், அதனால் உறுதியாகச் சொல்லமாட்டேன்," என்றார். கொஞ்சம் கழித்து, "இவ்வளவு நாள் யார் வைத்திருந்தது?" என்று கேட்டார்.

"நாங்கதான். பிள்ளைங்களுக்கு விரிச்சோம்."

கிழவர் அவர் முகத்தைப் பார்த்தார். குங்குமத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். பின்புறம் உலை இருக்கிறது, கொடுத்தால் இப்போதே முறைப்படி எரித்துவிடுகிறேன், காசு வேண்டாம் என்றார்.

அக்கா துணியை எடுத்துக்கொண்டு அஞ்சடிப் பாதைக்கு வந்தார். கிழிந்த பக்கத்திலிருந்து ஒரு நூலை உருவினார். லைட்டரை எடுத்தார். மஞ்சள் சுடர், தாள் வாசம், பறக்கிற சாம்பல்.

"செடிதான்," என்றார். "ஆனா லினன் இல்ல. தப்பாப் போச்சு."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் காகிதக் காரின் பக்கத்தில் நின்று கையிலிருந்த சாம்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெத்தவ உடுத்தியிருந்தத கிழிச்சிருக்கா, தம்பி. புருஷன் செத்த வீடோ என்னமோ. பிள்ளையச் சுத்த வேற துணி இல்லாம இருந்திருக்கும். இல்ல, அவசரமா இருந்திருக்கும். துரையும் இல்ல, பங்களாவும் இல்ல."

"கெழவர் உறுதியாச் சொல்லலயே அக்கா."

"அவரு கண்ணால பாத்தாரு. நான் தொட்டுப் பாக்கிறேன்."

தேக்காவுக்கு நடந்தோம். வழியில் யாருடைய துணியையும் அவர் தொடவில்லை. மகளிடம் சொல்வாரா, துணியை உலைக்கே திருப்பி எடுத்துப் போவாரா, சொல்லாமலே விரித்துவிடுவாரா என்று எனக்குத் தெரியவில்லை. படியேறும்போது ஒன்று மட்டும் சொன்னார்: "எத்தன பிள்ளைங்கள அதுல போட்டோம். கடவுளே." கொஞ்சம் நின்று, "ஒண்ணும் ஆவல இல்ல?" என்று என்னைக் கேட்டார். எனக்கு அந்தப் பிள்ளைகள் யாரையும் தெரியாது. இருந்தும், "ஆவலக்கா," என்றேன்.

முப்பத்தோராம் நாள் என்னையும் கூட்டிப்போனார். செங்காங் வீட்டில் கூட்டம். கூடத்தில் ஸ்பிரிங் மாட்டிய சரோங் தொட்டில். சம்பந்தியம்மா யாழ்ப்பாணத்து வழி. அலுவலகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். அக்கா பையைத் திறந்து துணியைக் கையில் எடுத்தார். ராசித் துணியைப் பார்க்க எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். மலாய்க்காரரிடம் சரோங் கதை சொன்ன அதே குரலில் அவர் சொன்னார்: இது லினன் இல்லை, சீனாவில் நார்ச்செடியில் நெய்தது, சாவு வீட்டில் உடுத்துவது, என்னைப் பெற்றவள் இதைக் கிழித்துத்தான் என்னைச் சுற்றினாள்.

எட்டிப் பார்த்தவர்கள் பின்வாங்கினார்கள்.

"என்ன சம்பந்தி, செத்த வீட்டுச் சீலையையோ ஏணைக்குள்ள விரிக்கப் போறியள்?" என்றார் சம்பந்தியம்மா.

"அதத்தான் உங்க எல்லாரையும் கேக்கிறேன். வேணாம்னா பைக்குள்ள போட்டுக்கிறேன். எனக்குக் கோவம் இல்ல."

மகள் பிள்ளையைத் தோளில் போட்டபடி வந்து துணியை வாங்கிப் பார்த்தாள். "அம்மா, என்னா பண்ணீங்க இத?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். மூன்று பக்கமும் விளிம்பு மடித்து மஞ்சள் நூலால் தைத்திருந்தது. மெஷின் தையல் இல்லை, கைத்தையல்.

"துக்கத்துக்கு விளிம்ப மடிக்கக் கூடாதுன்னாரு அந்த ஆளு. மடிச்சிட்டேன். இனிமே இது வெறும் துணி."

"இந்தப் பக்கம் விட்டுட்டீங்களே."

"அது அவ கிழிச்சது. அதுல நான் கை வைக்கல."

மகள் பிள்ளையை மாமியார் கையில் கொடுத்துவிட்டு, "நானும் அதுலதானேம்மா கெடந்தேன்," என்று சொல்லி, துணியைத் தொட்டிலுக்குள் விரித்தாள். கிழிந்த பக்கம் தலைமாட்டில் வந்தது. சம்பந்தியம்மா பிள்ளையை மருமகளிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு உள்ளே போய், கடையில் வாங்கிய ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து வந்து அதன்மேல் போட்டார். "பிள்ளைக்குச் சொரசொரக்கும், அதுக்குத்தான். வேற ஒண்டுமில்ல," என்றார்.

அக்காவின் கை அதற்குள் அந்தத் துண்டின் ஓரத்துக்குப் போயிருந்தது.

"இதுக்கு எந்த ஊரு, சம்பந்தி?"

"சுத்தப் பருத்தியெண்டு லேபிள்ல போட்டிருக்கு."

"லேபிளு சொல்லும். பிளாஸ்டிக் நூலு கலந்திருக்கு, பந்தயம்."

"பிள்ளைக்குப் பக்கத்தில லைட்டரை எடுத்தியள் எண்டால் தெரியும்," என்றார் அவர். கூட்டம் சிரித்தது. அக்காவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலையில் தட்டிக்கொண்டு. ஒரு நூலை மட்டும் உருவிக்கொண்டு வாசலுக்குப் போனார். திரும்பி வந்து, "தே தாரிக் யாருக்கெல்லாம்?" என்று கேட்டார்.

திரும்பும் ரயிலில் வேலையை விடப்போகிறேன் என்று சொன்னேன். காரணம் எதுவும் இல்லை. கையில் தோல் ஆறியிருந்தது, கால் அரித்தது. அவர் காரணம் கேட்கவில்லை. என் சட்டையின் கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்து, "தேஞ்சு போச்சு. ரெண்டு தொவைப்புக்குத்தான் தாங்கும். பிரிச்சுத் திருப்பிப் போட்டுக்க, உனக்குத்தான் பிரிக்கத் தெரியுமே," என்றார். தேக்காவில் கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி உறை விற்கிறார்கள். அவர் செங்காங்கில் பேரப்பிள்ளையோடு இருப்பதாகக் கேள்வி.

அந்த ரயில் பயணத்துக்கு மறுநாள் காலை கொட்டகை போடும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். புளோக் அடியில் சாவுக்கும் கல்யாணத்துக்கும் கூடாரம் கட்டுகிறவர்கள். தோ பாயோவில் சாவு வீட்டுக் கொட்டகையைப் பிரித்து, அதே குழாய்களை லாரியில் ஏற்றி, தெம்பனிஸில் ஒரு மலாய்க் கல்யாணத்துக்கு நட்டோம். பக்கத்துணி மட்டும் வேறு. மஞ்சள் துணியை விரித்தபோது அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன் போல.

"என்னாய்யா பாக்கிற?" என்றார் மேஸ்திரி.

"எந்த ஊருன்னு பாக்கிறேன்."

"கல்யாண ஊருதான். அந்த முனையப் புடி. தூக்கு."

தூக்கினேன்.